ஷாக் அற்ற இல்லம்

என் மனைவிக்கு ஷாக் அடித்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லக் கூடாது என்று மின் விபத்துத் தடுப்பு அலுவலகத்தில் எனக்கு நன்றாக எடுத்துச் சொல்லிவிட்டார்கள். அவள் சமையலறைக் குழாயைத் திறந்தாள். அவளுக்குத் திடீர் உடல் அசைவு ஏற்பட்டது. கையிலிருந்த பாத்திரம் பறந்துபோய் எதிர்ச் சுவரில் மோதிக் கீழே விழுந்தது, அவளும் விழுந்தாள்.

நான் தையல்காரன். முன்னறையில் தையல் மெஷினும் அயர்ன் பாக்ஸும், பின்னால் சமையலறையும் குளியலறையும், நடுவில் நாங்கள் இருவரும் துணி மூட்டைகளும். அவள்தான் எனக்குக் காஜா எடுப்பாள், பட்டன் தைப்பாள், அளவு கொடுக்க வருகிறவர்களிடம் வாயும் கொடுப்பாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். இதற்கு முன் ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் இந்த முறை அவள் தும்மினால்கூட நான் மெஷினை நிறுத்திவிட்டு ஓடுவேன். சத்தம் கேட்டு ஓடிப்போய் அவளைத் தரையில் பார்த்தபோது எனக்கு உயிரே போய்விட்டது, அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"ஏங்க, குழாய் என்னை அடிச்சிருச்சு."

"எங்கம்மா பட்டுச்சு?"

"கையில ஏறிச்சு, கால் வழியா எறங்கிப் போச்சு. நடுவுல ஒரு ஆள் இருக்குன்னு அதுக்குத் தெரியவே இல்ல."

சொல்லிவிட்டு வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து உள்ளே ஒரு உதை விழுந்தது. அதன் பிறகுதான் இருவரும் மூச்சுவிட்டோம்.

எங்கள் தெரு எலக்ட்ரீஷியனுக்கு டெஸ்டர் என்று பெயர். காதில் எப்போதும் ஒரு டெஸ்டரைச் செருகிவைத்திருப்பார். எனக்குத் தெரிந்து குளிக்கும்போதும் எடுக்கமாட்டார். அவர் வந்து அதைக் குழாயில் வைத்ததும் சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்தது. எந்த சுவிட்சை அணைத்தாலும் எரிந்தது, மெயினை அணைத்தபோதுதான் அணைந்தது.

"சுவத்துக்குள்ள ஏதோ வயர் உரிஞ்சு பைப்போட ஒட்டிக்கிட்டிருக்கு அண்ணே. அது எந்த வீட்லயும் நடக்கிறதுதான். எர்த் நல்லா இருந்தா கரண்டு அந்த வழியா மண்ணுக்குள்ள போயிரும், ஃபியூஸும் போயிரும், நமக்கு ஒண்ணும் ஆகாது. உங்க வீட்ல எர்த் கம்பி மண்ணுக்குள்ள போற இடத்துல துருப்பிடிச்சு அத்துக் கெடக்கு. போறதுக்கு வழி இல்லாம கரண்டு ஆளைத் தேடிக்கிட்டிருக்கு."

"ஆள் தேட என் வீடுதான் கெடச்சுதா?" என்றாள் அவள்.

குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, புதுக் கம்பி இறக்கினால் பாதி கவலை தீரும், சுவரைப் பிரித்து வயரை மாற்றினால் மீதியும் தீரும் என்றார். "அப்ப தோண்டு" என்றேன். டெஸ்டர் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார்.

"எர்த்லயோ சுவத்து வயர்லயோ கை வைக்கணும்னா தடுப்பு ஆபீஸ்ல 'கசிவு இருக்கு'ன்னு எழுதிக் குடுக்கணும் அண்ணே. அது இல்லாம தொட்டா என் லைசென்ஸைப் புடுங்கிருவாங்க. என் மச்சானுக்குப் புடுங்கிட்டாங்க. இப்ப பழம் விக்கிறான்."

நானே தோண்டுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அதற்குக் குழாயே தேவலை என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. அவளுக்குத் தண்ணீர் வேண்டுமானால் "தண்ணி!" என்று கத்துவாள், நான் ஓடிப்போய் மெயினை அணைப்பேன். மெஷின் நின்றுவிடும். முடித்ததும் "ஆச்சு!" என்பாள், மறுபடி போடுவேன். பாதிச் சட்டையில் கை நிற்கும், பாதிப் பாத்திரத்தில் சோப்பு நிற்கும். ஒருநாள் மெஷின் சத்தத்தில் அவள் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. நான் அணைத்துவிட்டேன் என்று நினைத்து அவள் குழாயைத் தொட்டாள். அன்றைக்கு உதை விழ இன்னும் நேரமானது. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் நான் அலுவலகத்தில் இருந்தேன்.

வாசலில் பெரிய பலகை. "நமது எல்லைக்குள் இன்றுவரை ஷாக்: பூஜ்ஜியம்" என்று எழுதி, பூஜ்ஜியத்தை மட்டும் தினமும் துடைப்பார்கள் போலிருக்கிறது, அப்படி மின்னியது. உள்ளே சுவர் நிறையக் கேடயங்கள். ஒரு எழுத்தர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"சார், என் வீட்டுக்காரிக்குக் குழாய்ல ஷாக் அடிச்சிருச்சு."

கூடத்தில் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. எழுத்தர் டீயைக் கீழே வைத்தார்.

"மெதுவா பேசுங்க. அந்த வார்த்தையெல்லாம் இங்க சொல்லக் கூடாது. கேடயத்தைப் பாத்தீங்களா? வருஷா வருஷம் நாங்கதான் வாங்குறோம். நம்ம எல்லைக்குள்ள அது கெடையவே கெடையாது."

"அப்ப என் வீட்ல அடிக்கிறது என்ன சார்?"

"திடீர் உடல் அசைவு. கீழ விழுந்தாங்களா?"

"விழுந்தா."

"அப்ப வழுக்கல். மயக்கம் போட்டிருந்தா களைப்புன்னு போடுவோம்."

"செத்துப் போயிருந்தா?"

"அது சுகாதாரத் துறை." அவர் மறுபடி டீயை எடுத்துக்கொண்டார். "உங்க வீட்டம்மா பொதுவாவே துறுதுறுன்னு இருக்கிறவங்களா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டீயை அவர் தலையிலேயே ஊற்றியிருக்கலாம். ஆனால் வேலை அவரிடம் ஆக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, ஆமாம் சார், துறுதுறுவென்றுதான் இருப்பாள் என்றேன். நான் அந்த வாசலில் நடையாய் நடந்து, என் முகத்தைப் பார்த்ததுமே அவர்கள் எழுந்து உள்ளே போகிற நிலைமை வந்த பிறகுதான் ஆய்வாளரை அனுப்பினார்கள்.

ஆய்வாளர் வந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை ரப்பர் கையுறை, தலையில் தொப்பி, கண்ணில் கண்ணாடி, கக்கத்தில் சுருட்டிய ரப்பர் பாய்.

"ஏங்க, சந்திரனுக்குப் போற ஆள் யாரோ வழி தவறி வந்திருக்கார்" என்றாள் என் மனைவி.

அவர் சமையலறையில் பாயை விரித்து அதன்மேல் ஏறி நின்றார். கையுறைக் கையால் குழாயைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"இல்லை" என்றார்.

"சார், கையுறையைக் கழட்டிட்டுத் தொட்டுப் பாருங்களேன்."

"கழட்டக் கூடாது. விதி இருக்கு."

"எதுக்கு சார் அந்த விதி?"

"கழட்டினா ஆபத்து."

"என்ன ஆபத்து?"

ஆய்வாளர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இங்க பாருங்க. ஆய்வாளர் கையால தொட்டு உணர்ந்தாத்தான் கசிவு. அது ஒரு விதி. தொடும்போது ஆய்வாளர் முழுப் பாதுகாப்போட இருக்கணும். அது இன்னொரு விதி. ரெண்டையும் நான் மீறினதே கெடையாது. அதனாலதான் இன்னிக்கு வரைக்கும் ஒரு கசிவுகூட என் கையில படல."

டெஸ்டரைக் கூப்பிட்டு அந்த விளக்கை எரியவைத்துக் காட்டினேன். ஆய்வாளர் அதைத் தொலைவிலிருந்தே பார்த்தார். "இது ஸ்க்ரூடிரைவர். ஸ்க்ரூடிரைவர் சொல்றதை வெச்சு நாங்க முடிவெடுக்கிறதில்ல" என்றார். டெஸ்டர் அதைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

"வீட்ல இருக்கிறவங்களும் எங்களை மாதிரியே பூட்ஸும் கையுறையும் போட்டுக்கலாம்" என்று ஆய்வாளர் யோசனை சொன்னார்.

"குழந்தைக்கு அளவா கெடைக்குமா சார்?" என்று என் மனைவி கேட்டாள். "பொறந்ததும் இந்தக் குழாய்லதான் குளிப்பாட்டணும்."

விசாரித்துச் சொல்கிறேன் என்று அவர் நிஜமாகவே சொன்னார். போகும் முன், ஆய்வில் தேறிய வீடுகளுக்குக் கொடுக்கும் தகடு ஒன்றை எடுத்துச் சமையலறை வாசலுக்கு மேலே நாலு மூலையிலும் ஆணி அடித்து மாட்டினார். "ஷாக் அற்ற இல்லம்" என்று பொன் எழுத்தில் இருந்தது. அந்த ஆணிகளில் எது எந்த வயரில் இறங்கியதோ தெரியாது, அன்று சாயங்காலத்திலிருந்து குளியலறைக் குழாயும் அடிக்க ஆரம்பித்தது.

நான் மேல்முறையீடு செய்தேன். செய்திருக்கக் கூடாது. துணை இயக்குநர் வந்தார். அவர் குழாயைப் பார்க்கவே இல்லை, என் மனைவியைப் பார்த்தார். ஒரு பெட்டியைத் திறந்து, அவள் கையில் ஒரு கம்பியையும் காலில் ஒரு கம்பியையும் வைத்து, பெட்டியில் ஆடிய முள்ளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நெனச்சேன். கோளாறு குழாய்ல இல்ல. இவங்க உடம்பு மின்சாரத்தைக் கடத்துது."

"எல்லார் உடம்பும் கடத்தும்னு டெஸ்டர் சொன்னாரே சார்?"

"எல்லாரும் நம்மகிட்ட மனு குடுக்கலையே."

கொஞ்ச நாளில் அவள் பெயருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. அவள் முன் அனுமதி பெறாமல் மின்சுற்றில் தன்னை இணைத்துக்கொண்டிருப்பதாகவும், தன் வழியாக மின்சாரத்தைப் பூமிக்குக் கொண்டுசென்றிருப்பதாகவும், வயிற்றில் இருப்பவரையும் சேர்த்தால் இணைப்பு இரண்டாகக் கருதப்படும் என்றும் அதில் எழுதியிருந்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவள் அதை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"உலகத்துல முதல்ல நம்ம புள்ளையை ஆள்னு கணக்குல எடுத்துக்கிட்டவங்க இவங்கதாங்க" என்றாள். சிரித்தாள். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வெகுநேரம் ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்தாள்.

அவளை அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட முடிவு செய்தேன். துணியெல்லாம் மடித்துவைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் பாதுகாப்பு வாரம் வந்தது.

பாதுகாப்பு வாரத்தில் இயக்குநர் ஒரு முன்மாதிரி வீட்டுக்கு வருவார். எங்கள் தெருவில் தகடு மாட்டிய வீடு எங்களுடையது மட்டும்தான். விழா முடியும்வரை வீட்டம்மாவும் வீட்டில் இருந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் கேட்பானேன். காலையிலேயே ஆட்கள் வந்து சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். தெருக் குழாயிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து சமையலறைத் தரையில் ஊற்றிக் கழுவினார்கள். மைக் கட்டினார்கள், விளக்கு கட்டினார்கள், தெருவில் நாற்காலி போட்டார்கள்.

கூடவே, துறையின் அன்பளிப்பாக ஒரு புது டிரிப் சுவிட்சும் வந்தது. கரண்டு கொஞ்சம் வழி தவறினாலும் தானாகவே அணைந்து ஆளைக் காப்பாற்றும் சாமான் அது. முன்னறையில் மெயின் இருந்த பெட்டிக்குள் அதைப் பொருத்திப் போட்டார்கள். போட்டதும் அணைந்தது. மறுபடி போட்டார்கள், மறுபடி அணைந்தது. மைக் நின்றது, விளக்கு நின்றது. வந்திருந்த அத்தனை பேரிலும் வேலை தெரிந்தது அது ஒன்றுக்குத்தான். எனக்கு அதைக் கட்டிப்பிடித்து அழலாம் போலிருந்தது.

"பாத்தீங்களா சார்! கசிவு இருக்குன்னு அதுவே சொல்லுது!" என்றேன்.

"சாமான் மட்டம்" என்றார் ஆய்வாளர். "புதுசுல இப்படித்தான் தொந்தரவு குடுக்கும். விழா முடியற வரைக்கும் அதைத் தாண்டி நேர் வயர் போட்டுடுங்கப்பா."

போட்டார்கள். எல்லாம் ஜோராக எரிந்தது. யாரும் கை வைத்துவிடக் கூடாது என்று பெட்டிக் கதவைச் சாத்தி, கயிறு சுற்றி, அரக்கு உருக்கி ஊற்றி முத்திரையும் வைத்தார்கள். மெயின் சுவிட்சும் அதற்குள்தான் இருந்தது. "தண்ணின்னா இனிமே எப்படிங்க?" என்று என் மனைவி மெல்லக் கேட்டாள். சாயங்காலம் வரை குழாய்ப் பக்கமே போகாதே என்று சொன்னேன்.

இயக்குநர் வந்தார். பார்க்க நல்ல மனிதராகத்தான் இருந்தார், வெள்ளை முடி, சிரித்த முகம், விதிப்படி கையுறையும் பூட்ஸும். சமையலறையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார். தெருவில் இருந்தவர்கள் ஒலிபெருக்கியில் கேட்டார்கள்.

"இந்தத் துறை தொடங்கிய காலத்தில் இந்த எல்லைக்குள் எத்தனையோ விபத்துகள். ஏன்? அன்றைக்கு நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். எண்ணுவதை நிறுத்தினோம், ஒன்றுகூட இல்லை!" கைதட்டல். "என் சேவைக் காலம் முழுவதும் ஒரு விபத்தைக்கூட நான் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்!" இன்னும் பலமான கைதட்டல். "பயம் மக்களின் மனதில் இருக்கிறது. அந்தப் பயத்தை இதோ, என் கையாலேயே போக்குகிறேன்."

கையுறையோடு இருந்தால் படத்தில் நம்பிக்கை தெரியாது சார் என்று புகைப்படக்காரர் சொன்னார். இயக்குநர் கையுறையைக் கழற்றினார். நானும் இந்த வீட்டு மனிதன்தான் என்று சொல்லி பூட்ஸையும் கழற்றினார். தரையில் தண்ணீர் தேங்கி நின்றது.

"ஐயா, தொடாதீங்க!" என்றாள் என் மனைவி. "நெஜமாவே அடிக்கும்யா. என் மேல சத்தியமா சொல்றேன்."

"பாருங்கள், இதுதான் நான் சொன்ன பயம்" என்று இயக்குநர் மைக்கில் சொல்லிவிட்டு, குழாயைப் பிடித்தார்.

மைக் கீழே விழுந்தது. அவர் கை குழாயோடு ஒட்டிக்கொண்டது. உடம்பு முழுக்க நடுங்க, வாய் திறந்தபடியே இருக்க, தொண்டையிலிருந்து ஒரே எழுத்து மட்டும் வந்துகொண்டிருந்தது. உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று நினைத்து அதிகாரிகள் கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். ஓர் உதவியாளர் தாங்கிப் பிடிக்கப் போனார். "அவரைத் தொடாதீங்க! நீங்களும் ஒட்டிக்குவீங்க!" என்று என் மனைவி கத்தினாள்.

நான் முன்னறைக்கு ஓடினேன். பெட்டிக்கு முன்னால் ஆய்வாளர் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"முத்திரை வெச்சிருக்கு. இயக்குநர் கையெழுத்து இல்லாம உடைக்க முடியாது."

"யோவ், அவர் அங்க செத்துக்கிட்டிருக்கார்யா!"

"தெரியுது. அவர் கை காலியா இருந்தா ஒரு நிமிஷத்துல வாங்கிருவேன்."

"இடது கையால போட்டா செல்லாதா?" என்று பக்கத்தில் நின்ற துணை இயக்குநர் கேட்டார். ஆய்வாளர் அதை யோசித்துப் பார்த்தார். நான் அவரைப் பிடித்துத் தள்ளினேன், ரப்பர் பூட்ஸ் தரையைக் கவ்விக்கொண்டது, அவர் அசையவில்லை.

"தள்ளுங்க" என்று ஒரு குரல் கேட்டது. என் மனைவி. கையில் என்னுடைய பெரிய கத்தரிக்கோல். வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நேராக நடந்து வந்தாள். அந்த வயிற்றைத் தடுக்க எந்த விதியும் ஆய்வாளருக்கு ஞாபகம் வரவில்லை போலும், ஒதுங்கினார். அவள் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினாள், அரக்கு தெறித்தது, கதவைத் திறந்து மெயினை இழுத்துவிட்டாள்.

சமையலறையில் இயக்குநர் பொத்தென்று விழும் சத்தம் கேட்டது.

நல்லவேளை, உயிர் இருந்தது. சுவரில் சாய்த்து உட்காரவைத்தோம். உள்ளங்கை கருத்திருந்தது. என் மனைவி பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடிக்கக் கொடுத்தாள். கூட வந்திருந்த எழுத்தர் பேனாவோடு குனிந்தார்.

"சார், என்னன்னு எழுதிக்கட்டும்?"

இயக்குநர் குழாயைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன்.

"ஐயா," என்றாள் அவள், "எனக்கு முன்னாடி ஒண்ணு தங்கல. இதாவது தங்கணும். நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும், எங்க தெரு எலக்ட்ரீஷியன் வந்து குழி தோண்டிருவாரு."

இயக்குநர் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. பிறகு வாசலில் கேமராவோடு நின்றவரைப் பார்த்தார்.

"உடல் அசைவு" என்றார். "கொஞ்சம் திடீர்."

எல்லோரும் கைதட்டினார்கள். அவரைத் தாங்கிப் பிடித்துக் காருக்குக் கூட்டிப் போனார்கள். நான் ஆத்திரத்தில் நடு வீட்டில் நின்று அழுதேன். அவள் அழவில்லை. கத்தரிக்கோலில் ஒட்டியிருந்த அரக்கை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே உத்தரவு வந்துவிட்டது. எங்கள் விஷயத்தில் அந்த அலுவலகம் வேகமாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். ஆய்வாளர் வாசலில் நின்று எங்களுக்கு வாசித்துக் காட்டினார், எழுத்தர் பக்கத்தில் நின்றார். பாதுகாப்பு முத்திரையை உடைத்த குற்றத்துக்காக எங்கள் வீட்டு மின் இணைப்பு நிரந்தரமாகத் துண்டிக்கப்படுகிறது.

"இதுக்கு மேல எங்ககிட்ட தண்டனை கெடையாது" என்றார் ஆய்வாளர் கடுமையாக.

தெருக் கம்பத்தில் ஏறியிருந்த ஆள் எங்கள் வீட்டுக்கு வரும் கம்பியை வெட்டினான். அது தொய்ந்து தெருவில் விழுந்தது. நான் இனி மெஷினை எப்படி ஓட்டுவது, சோற்றுக்கு என்ன செய்வது என்று இடிந்துபோய் நின்றேன்.

"முழுசாவா வெட்டிட்டீங்க?" என்று என் மனைவி ஆய்வாளரைக் கேட்டாள்.

"முழுசா."

"ஒரு சொட்டுக் கரண்டுகூட வராதா?"

"எவ்வளவு அழுதாலும் வராது."

அவள் திரும்பிச் சமையலறைக்குப் போனாள். நாங்கள் மூவரும் பின்னாலேயே போனோம். செருப்பில்லாமல் ஈரத்தரையில் நின்று, இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துத் திறந்தாள். தண்ணீர் கொட்டியது. முழங்கைவரை நனையவிட்டாள், முகத்தைக் கழுவினாள், ஈரக் கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். இத்தனை நாளாக அவள் எவ்வளவு பயந்துபோயிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் தோள் இரண்டும் கீழே இறங்கின.

"வாங்க சார்," என்று ஆய்வாளரைக் கூப்பிட்டாள். "வெறுங்கையால தொட்டுப் பாருங்க. ஒண்ணும் இல்ல."

ஆய்வாளர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, வேண்டாம்மா" என்றார். "ஷாக் அடிக்கும்."

எழுத்தர் திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். என் மனைவி குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.